பாடத்திட்ட வரைவில் மாணவருக்கும் இடம் வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்: இணைவுக் கல்லூரிகளின் ஆசிரியர்–மாணவர் சங்கம்
பெறுநர்: மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்கள்
நகல்: பதிவாளர், பாடத்திட்டக் குழுத் தலைவர்கள்

பொருள்: பாடத்திட்டங்களை ஆசிரியர்களும் மாணவர்களும் இணையவழியில் சேர்ந்து உருவாக்க வழிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

பருவ முடிவில் மாணவர்கள் பாடம் பற்றிய கருத்தைக் கேட்கும் ஒரு கூகுள் படிவத்தை நிரப்புகிறார்கள். நாக் தரமதிப்பீட்டின்போது கோப்பில் வைக்க அது உதவுகிறது. பாடத்தை அது தொட்டதாகத் தெரியவில்லை. வரைவு எழுதும்போதே எங்களைக் கேளுங்கள் என்பதே கோரிக்கை.

ஓர் எடுத்துக்காட்டு: பல கல்லூரி ஆய்வகங்களில் சி பிளஸ் பிளஸ் செய்முறை இன்னும் டர்போ சி பிளஸ் பிளஸ் என்ற பழைய மென்பொருளின் நீலத் திரையில்தான் நடக்கிறது. அம்மொழிக்கு 1998-லேயே சர்வதேசத் தரம் வந்துவிட்டது. முதல் வரியில் 'ஐஓஸ்ட்ரீம் டாட் எச்' என்று எழுதி ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் வாங்கும் மாணவர், அதே நிரலைக் கைப்பேசியில் ஓட்டிப் பார்த்தால் பிழைச் செய்திதான் வருகிறது. இதைச் சொல்ல அவருக்கு இடமில்லை. பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்கும் இது தெரியும். பெரும்பாலும் அவரும் பாடத்திட்டக் குழுவில் இல்லை. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கான யுஜிசி விதிகளில்கூட, பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவருக்குத்தான் இடம்; படித்துக்கொண்டிருப்பவருக்கு இல்லை.

ஆகவே, குழு கூடுவதற்கு 30 நாள் முன்பே வரைவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் வைக்க வேண்டும். யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பது பதிவாகும் கூட்டு ஆவணமாக அது இருக்கட்டும். ஏற்காத யோசனைக்கு ஒரு வரியில் காரணம் எழுதினால் போதும். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு மாணவர்களையும் ஒரு கௌரவ விரிவுரையாளரையும் சிறப்பு அழைப்பாளர்களாக அழைக்க வேண்டும்.

நாங்கள் பெரிதும் வலியுறுத்துவது இது: ஒவ்வொரு தாளிலும் ஐந்து அலகுகளில் ஒன்றை, அந்தந்த வகுப்பே ஆசிரியருடன் சேர்ந்து வகுத்துக்கொள்ள விட வேண்டும். வினாத்தாள் வெளியில் தயாராவதால் இது நடக்காது என்பார்கள். அந்த அலகை 75 மதிப்பெண் எழுத்துத் தேர்விலிருந்து விலக்கி, 25 மதிப்பெண் அகமதிப்பீட்டில் வைத்தால் சிக்கல் தீரும்.

இதற்கென்று மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. மூடில் என்ற கற்றல் மேலாண்மைத் தளம் 2002 முதல் கட்டணமின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருள். பல்கலைக்கழக சர்வரிலேயே நிறுவலாம். மடிக்கணினி இல்லாதவர்களுக்காக, வரைவு கைப்பேசியிலும் திறக்க வேண்டும். நூலகத்தில் அச்சுப்படியும் இருக்க வேண்டும். வரைவுப் பணிக்கான நேரம் ஆசிரியரின் பணிநேரத்தில் சேர வேண்டும். கௌரவ விரிவுரையாளருக்கு அதற்குத் தனி ஊதியம் வேண்டும்.

அடுத்த கல்விப் பேரவைக் கூட்டத்தின் பொருள்நிரலில் இம்மனுவைச் சேர்க்கவும், அதற்கு முன் எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துப் பேசவும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்