பிள்ளைக்கு ஓதிக்கொடுக்க வருகிறவர் யார்?



ஆனையிறவு என்றதும் நம்மில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவு வருவது சோதனைதான். குடாநாட்டுக்குப் போகும் தரைவழியின் கழுத்து அது. 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் அந்த இடத்துக்காகப் பெரும் சண்டைகள் நடந்தன. அந்தக் காலத்தில் கண்டி வீதியால் போகிறவர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், பையைத் திறக்க வேண்டும், எங்கிருந்து வருகிறார், எதற்கு வருகிறார் என்று சொல்ல வேண்டும். போர் ஓய்ந்தபின் ஆனையிறவுப் புகையிரத நிலையம் பாடசாலைப் பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்த பணத்தையும் கொண்டு மீண்டும் எழுந்தது. அந்தப் பிள்ளைகளிடம் வருகிறவர்களை நாம் அதில் பாதியளவாவது விசாரிக்கிறோமா?

2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது வன்னி மக்களில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் வவுனியாவின் முகாம்களில் இருந்தார்கள். ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றில் தகப்பன் இல்லை. தாய் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அப்படிப்பட்ட இடத்தில் இலவச மாலை வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி, சிறுவர் இல்லம் என்று யாராவது வந்தால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லவர்கள். ஆனால் சும்மா உதவி செய்ய வந்தவரிடம் சான்றிதழ் கேட்பது மரியாதைக் குறைவு என்று நமக்கொரு கூச்சம் இருக்கிறதே, தீய எண்ணத்தோடு வருகிறவன் அதை நன்றாக அறிவான்.

தமிழ்நாட்டுக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2024 ஆகஸ்ட் மாதம் ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படை முகாம் என்ற பெயரில் ஒருவன் பயிற்சி நடத்தினான். மாணவியர் 17 பேர் பள்ளியிலேயே இரவு தங்கினார்கள். 13 வயதுச் சிறுமியொருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள் என்று முறைப்பாடு வந்த பிறகுதான், அந்த மனிதனுக்கும் மாணவர் படைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது வெளிப்பட்டது. மாணவர் படை அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வழக்கு விசாரணைக்கு வருமுன்பே அவன் இறந்துபோனான். பள்ளி முதல்வரும் கைதானார். இத்தனைக்கும், பிள்ளைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரையும் பொலிஸ் மூலம் சரிபார்க்க வேண்டும் என்று இந்தியாவில் 2020இலேயே விதி வந்துவிட்டது.

பொலிஸ் தாள் ஒன்றை வாங்கிவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. இங்கிலாந்தின் சோஹம் என்ற ஊரில் 2002 ஆகஸ்ட் மாதம் பத்து வயதுச் சிறுமியர் இருவரைக் கொன்றவன் அவ்வூர்ப் பாடசாலையொன்றின் காவலாளி. முன்பிருந்த ஊரில் அவன்மீது பல முறைப்பாடுகள் எழுந்திருந்தன. எதிலும் தண்டனை கிடைக்கவில்லை. அந்தத் தகவலும் புதிய ஊருக்கு வந்து சேரவில்லை. வேறொரு குடும்பப் பெயரில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். இதை ஆராய்ந்த பிச்சார்ட் குழு 2004இல் அறிக்கை தந்தது. 2006இல் புதிய சட்டம் வந்தது. இன்று இலண்டனில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் அ, ஆ சொல்லிக்கொடுக்கப் போகும் நம்மவரும் அந்தச் சோதனைக்கு உட்படுகிறார். யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை.

நமக்கு இது புதிதும் அல்ல. சாட்சி சொல்ல வந்த ஒருவரைப் பற்றி, "இவரை எனக்குத் தெரியும்" என்று சொன்னவரிடம் உமர் (ரலி) அவர்கள் மூன்று விஷயங்கள் கேட்டதாக அறிவிப்பு உண்டு. அவருடைய அண்டை வீட்டில் இருந்தீரா, பணம் கொடுத்து வாங்கினீரா, கூடப் பயணம் செய்தீரா என்று. மூன்றுக்கும் இல்லை என்றதும், அப்படியானால் உமக்கு அவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். ஹதீஸ் அறிவித்தவர் ஒவ்வொருவரின் நாணயத்தையும் துருவி ஆராய ஒரு தனிக் கலையையே வளர்த்த சமுதாயம் நாம். அரபுக் கல்லூரியில் வருடக்கணக்காக அதைப் படிக்கிறோம். ஆனால் பள்ளிவாசல் நிருவாகத்தில் உட்கார்ந்தால், கிராஅத் இனிமையாக இருக்கிறது, தாடி அழகாக இருக்கிறது என்று பார்த்து உஸ்தாதைச் சேர்த்துக்கொள்கிறோம்!

என் மனதை மிகவும் உறுத்துவது வேறொன்று. ஒருவர்மீது பிள்ளைகள் குறை சொன்னால், "மானம் போய்விடும்" என்று இரவோடிரவாக அவரை அனுப்பிவிடும் நிருவாகங்கள் உண்டு. சில வேளை நற்சாட்சிப் பத்திரமும் எழுதிக் கொடுத்து! அடுத்த ஊர்ப் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? இது குறையை மறைக்கும் நற்குணம் ஆகாது. அமானித மோசடி.

ஆகவே ஓதப்பள்ளியோ, டியூஷன் வகுப்போ, பாடசாலை வேனோ, யாரைச் சேர்ப்பதானாலும் அடையாள அட்டையின் பிரதியை வாங்கி வையுங்கள். கிராம சேவகரின் சான்றிதழையும் கேளுங்கள். வெளிநாடு போக நாம் அலைந்து எடுக்கிற பொலிஸ் ரிப்போர்ட்டை இதற்கும் வாங்க வழியிருக்கிறதா என்று பொலிஸில் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கடைசியாக வேலை பார்த்த இடத்துக்கு நீங்களே பேசி, "ஏன் விலகினார்? மறுபடி சேர்ப்பீர்களா?" என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் அதுவே பதில். சேர்த்த பிறகும், கதவு சாத்திய அறையில் ஒரு பிள்ளையை ஒருவரோடு தனியே விடாதீர்கள்.

தாய்மார்களே, "அவரிடம் போகமாட்டேன்" என்று பிள்ளை அழுதால் படிக்கக் கள்ளம் என்று அடிக்காமல் காரணத்தைக் கேளுங்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. அதைக் குர்ஆன் மத்ரஸாவின் சுவரிலும், பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில், எழுதி வையுங்கள்.