இருத்தலும் வாளாவிருத்தலும்

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒருநாள் பாலபண்டித வகுப்பிலே அகத்திணை இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்தேன். குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல் என உரிப்பொருள் ஐந்தினையுங் கூறி முடித்தபோது, பின்வரிசையிலிருந்த மாணவனொருவன் எழுந்தான்.

"ஐயா, பிரியிறது ஒரு செயல், ஊடுறதும் ஒரு செயல். சும்மா இருக்கிறதுக்கும் ஒரு திணையோ?"

வகுப்புச் சிரித்தது, யானுஞ் சிரித்தேன். இருத்தலாவது, தலைவன் மீளுமளவும் தலைவி ஆற்றியிருத்தல் என்று உரையாசிரியர் நெறியில் விரைந்து ஒரு விடை கூறி, அடுத்த சூத்திரத்துக்குச் சென்றேன். பாடம் முடிந்தது. அவ்வினா மாத்திரம் என்னோடு வீட்டுக்கு வந்தது.

அதற்கடுத்து வந்த ஞாயிறு, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. புறத்தே கூதிர்க்கால மழை பெய்துகொண்டிருந்தது. கோவிலினுள்ளே பசுந்தழை வளையத்தின்மீது நின்ற நான்கு மெழுகுதிரிகளுள் ஒன்றை மாத்திரம் ஏற்றினார்கள். ஏற்றப்படாத மூன்றையும் பார்த்தவாறிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நம் முன்னோர் இருத்தலுக்கு ஒரு திணையை வகுத்தனர். திருச்சபையோ தன் வழிபாட்டு ஆண்டையே இருத்தலில் தொடங்குகின்றது. சும்மா இருத்தற்கு எவரேனும் இத்துணைச் சிறப்புச் செய்வரோ? செய்யார். ஆகவே இருத்தல் வேறு, வாளாவிருத்தல் வேறு என்பது தெளிவு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் மயக்கமே நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் பிரசங்க மேடைகளிலும் பல கேடுகளுக்குக் காரணமாகின்றது என்பது என் கருத்து.

இருத்தலின் இலக்கணத்தை அறிய விரும்புவோர் சூசையப்பரைப் பார்த்தல் வேண்டும். நான்கு சுவிசேஷங்களிலும் அவர் வாய்மொழியாக ஒரு சொற்றானும் எழுதப்படவில்லை. மரியாள் பேசுகிறாள், சிமியோன் பேசுகிறார், ஏரோதுங்கூடப் பேசுகிறான். சூசையப்பர் பேசுவதில்லை. இத்தகைய மௌனியைக் காப்பியத் தலைவராக்கி, வளன் என்று தமிழ்ப்பெயருஞ் சூட்டி, மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமுங் கொண்ட தேம்பாவணியிலே 3615 பாடல்கள் பாடினார் வீரமாமுனிவர். பேசாத ஒருவரைப் பற்றிப் பாட இவ்வளவு இருந்ததே என்று யான் பலகாலும் வியந்ததுண்டு.

ஆயினும், மத்தேயு எழுதிய சுவிசேஷத்தை ஊன்றிப் படிப்போர்க்கு இவ்வியப்பு நீங்கும். கனவிலே பணிக்கப்பட்டபோதெல்லாம் அவர் எழுந்தார், பணித்ததைச் செய்தார். குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்பட்டவர், ஏரோது இறக்குமளவும் அந்நிய நாட்டிலே காத்திருந்தார். சொல் இல்லை, செயல் இருந்தது. அவருடைய அமைதி, எழவேண்டிய நேரத்தில் எழுவதற்கு ஆயத்தமாயிருந்த அமைதி. வாளாவிருப்பவனோ கனவிலே கேட்டதை விடிந்ததும் மறந்துவிடுகிறான்.

விவிலியத்தின் சொல்லாட்சியும் இதற்குச் சான்று பகரும். 46ஆம் சங்கீதத்திலே 'அமர்ந்திருத்தல்' பற்றிய கட்டளை ஒன்று வருகின்றது. மலைகள் கடலிலே சாய, தேசங்கள் கொந்தளிக்க, வில்லும் ஈட்டியும் முறிய, அவற்றின் நடுவே அக்கட்டளை பிறக்கின்றது. ஆரவாரமற்ற சோலையிலே அது கூறப்படவில்லை என்பதை நினைவிற் கொள்க. எபிரேய மூலத்தில் அவ்வினைச்சொல், இறுகப் பற்றிய கைகளைத் தளரவிடுதல் என்னும் பொருளுடையது. அம்மொழியிலேயே நம்பிக்கையைக் குறிக்கும் 'திக்வா' என்னுஞ் சொல்லுக்குக் கயிறு என்றும் பொருளுண்டு. எரிகோ நகரத்து ராகாப் தன் பலகணியிலே கட்டிய சிவப்புக் கயிற்றைச் சொல்லுமிடத்தும் அச்சொல்லே வருகின்றது. ஆகவே இருத்தலிலே தளர்த்தலும் உண்டு, பற்றுதலும் உண்டு. யாவும் என் கைக்குள் அடங்கவேண்டும் என்ற பிடிவாதத்தைத் தளர்த்தல் வேண்டும். நம்பிக்கைக் கயிற்றை விடாது பற்றுதல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்வது எளிதன்று. இதனையோ செயலன்று என்பது?

இனி, நன்றியைப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். இதனை எனக்குக் கற்பித்தது நூலன்று, என் தாயார்.

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியில் வலிகாமத்து மக்களெல்லாம் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது யாமும் நடந்தோம். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தின் மூலையில் எமக்கு இடங் கிடைத்தது. முதல்நாள் மாலையிற் கஞ்சி கிடைத்தது. தாயார் கிண்ணத்தைக் கையிலேந்திக் கண்களை மூடி நன்றி கூறினார். அப்பொழுது யான் இருபதுகளில் நின்ற இளைஞன். வீடு போயிற்று, புத்தகங்கள் போயின. எனக்கு ஆத்திரம் மிகுந்தது. "இப்ப என்னத்துக்கம்மா நன்றி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்து, "கஞ்சிக்குத்தான் தம்பி. மற்றதெல்லாத்துக்கும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்" என்றார்.

பின்னாளிலே பல ஞான நூல்களைப் படித்தேன். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு மேலாக யாதும் அறிந்தேனல்லேன். கிடைத்ததற்கு நன்றி கூறுவதனாற் கிடையாததைக் கேட்கும் உரிமை அற்றுப்போவதில்லை. நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய 'யூகரிஸ்தியா' என்பதற்கு நன்றிகூறல் என்பதே பொருள். இயேசுபிரான் அப்பத்தை எடுத்து நன்றி கூறியது, தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலன்றோ? துன்பம் தீர்ந்தபின் கூறப்படும் நன்றியை யாவரும் அறிவர். துன்பத்தின் நடுவே கூறப்படும் நன்றியே இருத்தலுக்கு உயிராகின்றது. அஃதில்லாத காத்திருப்பு நாளடைவிற் கசந்து வெறுப்பாகிவிடும்.

இவ்விடத்திற் பிரசங்கிமாருக்கும் பெரியோர்க்கும் ஒரு வார்த்தை. காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளுக்கு விடைவேண்டி 2017ஆம் ஆண்டு மாசி மாதத்திலே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தனர். விடை காணாமலே கண்மூடியோர் அவர்களுட் பலர். அத்தாய்மாரை நோக்கி, "பொறுத்திருங்கள், அமைதியாயிருங்கள், கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று உபதேசிப்போர் உளர். இவ்வுபதேசம் விவிலியத்தைச் சாராது. கடவுளுக்கும் அஞ்சாது மனிதரையும் மதியாத ஒரு நீதிபதியிடம் ஓயாது சென்று நீதி கேட்ட விதவையை, லூக்கா சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்திலே இயேசுபிரான் இடைவிடாத செபத்துக்கு உதாரணமாகக் காட்டினார். அவ்விதவையும் காத்திருந்தவளே. படத்தை மடியிலே வைத்து வீதியோரத்தில் அமர்ந்திருக்குந் தாய், இருத்தலின் முழு இலக்கணத்தையும் தன்னிடத்தே கொண்டவள். வாளாவிருப்பவர், விடைகூறக் கடமைப்பட்டிருந்தும் கூறாதோரே. இருத்தலைப் போதிக்க விரும்புவோர் முதலில் அவர்களிடஞ் சென்று போதிப்பாராக.

பிறரைக் குறைகூறி என்னை விட்டுவிடல் முறையன்று. மேரி பட் றோ என்னும் அமெரிக்கக் கல்வியாய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து ஓருண்மையை வெளியிட்டார். ஆசிரியர் வினாவொன்றைக் கேட்டபின் விடைக்காகக் காத்திருப்பது சராசரி ஒரு செக்கன் அளவே. அதனை மூன்று செக்கனாக நீட்டினால் மாணாக்கர் கூறும் விடைகள் நீள்கின்றன. வாய்திறவாத பிள்ளைகளும் வாய்திறக்கின்றனர். மூன்று செக்கன்! முப்பது ஆண்டுக்கு அணித்தாகக் கற்பித்துவரும் யான் இம்மூன்று செக்கனை எத்தனை பிள்ளைகளுக்கு மறுத்திருப்பேன்? வினாக் கேட்டபின் ஆசிரியன் காக்கும் மௌனமும் ஒரு திருவருகைக் காலமே. இப்பிள்ளையிடமிருந்து ஒன்று வரும் என்று நம்புவோர்க்கே அது கைகூடும்.

நம் நாட்டிற் பனை விதைத்தவர் யாவரும் இதனை அறிந்திருந்தனர். நட்ட வடலி பயன்தரப் பத்தாண்டுக்கு மேலாகும். நட்டவர் பலர் நுங்கு தின்னவில்லை. ஆயினும் முன்னோர் நட்ட பனையின் நுங்கைத் தின்ற நன்றியே அவர்களை நடச்செய்தது. வேலியிட்டனர், ஆடுமாடு கடியாது காத்தனர், பின்னர் இருந்தனர்.

அன்று பின்வரிசையிலிருந்து எழுந்த அம்மாணவனுக்கு யான் கூறிய விடையை மீட்டுக்கொள்கிறேன். அஃது இலக்கணத்துக்கு மாறானதன்று. ஆயினும் அவனுக்குச் சிந்திக்க இடங்கொடாத விடை. அடுத்த வகுப்பிலே அவனுடைய வினாவை அவனிடமே திருப்பிக் கேட்க எண்ணியுள்ளேன். "உன் வீட்டிலே யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? அவர்கள் சும்மாவா இருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு, இம்முறை யானும் வாய்மூடி அவனுக்காகக் காத்திருப்பேன்.