மழையைப் போத்தலில் பிடித்தவர்

விஞ்ஞானம் பெருங்கருவிகள் உடையோருக்கே உரியது எனப் பெற்றோர் சிலர் கூறக் கேட்கிறோம். அதில் பாதிதான் உண்மை.

1952ஆம் ஆண்டு, டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில், பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லி டான்ஸ்கார்ட் என்பார் தம் வீட்டுப் புல்தரையில் வெறும் பீர் போத்தல் ஒன்றை வைத்து, அதன் வாயில் புனலைச் செருகி மழைநீரைப் பிடித்தார். நீரிலுள்ள பிராணவாயுவில் எடை மிகுந்த வகை ஒன்றுண்டு. குளிர்ந்த மேகம் பொழிந்த நீரில் அவ்வகை குறைந்திருக்கக் கண்டார். அப்படியானால், பழம்பனியை அளந்தால் அது பெய்த காலத்துக் குளிரும் தெரியுமன்றோ! கிரீன்லாந்தின் உட்பகுதியில் ஆண்டுதோறும் பெய்த பனி அடுக்கடுக்காய் உறைந்து கிடக்கிறது. 1966இல் அமெரிக்கர் அங்கு 1,387 மீட்டர் ஆழம் துளைத்தெடுத்த பனித்தண்டை அவர் ஆராய்ந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாறு 1969இல் வெளியாயிற்று.

போத்தல் எவர் வீட்டிலும் உண்டு. எடையைப் பிரித்தறிந்த கருவியோ பல்கலைக்கழகத்தினுடையது. இதனை மறைக்கமாட்டோம். அக்கருவியருகே நம் பிள்ளை நிற்கவேண்டுமெனில், ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தலாகாது. போத்தலுக்கோ காத்திருக்கத் தேவையில்லை. பள்ளித் திடலில் ஒன்றை வைத்து, மாணவர் நாள்தோறும் மழையை அளந்தெழுத ஆசிரியர்கள் ஆவன செய்ய வேண்டுகிறோம். பால்மரம் வெட்டு நின்ற நாள்களோடு பெற்றோர் அக்கணக்கை ஒத்துப் பார்க்கலாம்.