மருத்துவரின் அனுமதி வாகனம் செலுத்தும் அனுமதி அன்று

"நேற்றிரவு எண்ணெய் எடுத்தேன் டொக்டர், இன்று காரை எடுக்கலாமா?" நரம்பு வலிக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் குமட்டலுக்கும் மருத்துவக் கஞ்சா பெறுவோர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. கேட்காமலே போகின்றவர்களை எண்ணித்தான் எங்களுக்குக் கவலை. கஞ்சா என்னும் சொல்லுக்கு அஞ்சிப் பலர் அதனைப் பிள்ளைகளிடமும் மருந்தாளரிடமும் மறைக்கின்றனர். அதனால் அவர்களை எச்சரிக்க எவரும் இருப்பதில்லை.

கனடாவில் 2001 முதல் மருத்துவத் தேவைக்குக் கஞ்சா சட்டபூர்வமாகக் கிடைக்கின்றது. ஆயினும் 2018 இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டக்கோவை நோயாளருக்கும் ஏனையோருக்கும் ஒரே அளவையே விதிக்கின்றது. வாகனம் செலுத்திய இரண்டு மணித்தியாலங்களுக்குள் ஒரு மில்லிலீற்றர் குருதியில் ரி.எச்.சி. 2 நனோகிராம் இருந்தால் குற்றம். 5 நனோகிராம் இருந்தால் அதனினும் பாரிய குற்றம். பின்னையதில் குற்றவாளியாகக் காணப்படுபவர் குடியுரிமை பெறாதவராயின், அவருடைய நிரந்தர வதிவுரிமையும் ஆபத்துக்கு உள்ளாகலாம்.

ஒன்ராறியோவில் இளம் சாரதிகளும் புதிய சாரதிகளும் வணிக வாகனம் ஓட்டுவோரும் உடலில் கஞ்சா சிறிதளவேனும் இருக்க வாகனம் செலுத்தலாகாது. மருத்துவ அனுமதி உடையோருக்கு இந்த மாகாண விதியிலிருந்து விலக்கு உண்டு. அவ்விலக்கு குற்றவியல் சட்டத்துக்கும் பொருந்தும் என எண்ணுவது தவறு.

இச்சட்டத்தில் ஒரு குறை உண்டு என்பது எங்கள் கருத்து. மதுசாரத்தில் குருதியின் அளவும் தடுமாற்றமும் பெரும்பாலும் ஒத்துச் செல்லும். ரி.எச்.சி.யோ கொழுப்பில் தங்கி மெல்ல வெளிவருவது. நாள்தோறும் எடுப்பவரின் குருதியில், மயக்கம் தெளிந்த பின்னரும் அது காணப்படலாம். மாறாக, வாய்வழியாக உட்கொண்டவர் குறைந்த அளவிலும் தடுமாறலாம். இங்கிலாந்தில் 2015 முதல் ரி.எச்.சி.க்குக் கடும் வரம்பு உண்டு. எனினும் மருத்துவர் விதித்தபடி மருந்தை எடுத்தவர் அதனை எடுத்துரைத்துத் தம்மைத் தற்காத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கின்றது. தடுமாறியவாறு செலுத்தினால் அங்கும் தண்டனை உண்டு. கனடாவும் அவ்வழியைப் பின்பற்ற வேண்டும்.

சாலையில் காயமுற்று வருவோருக்கும் சிகிச்சை அளிப்பவர்கள் நாங்கள். ஆதலால் சட்டம் தளரட்டும் என்று கேட்கவில்லை. நோயாளரின் நிலையையும் அது கருத்திற்கொள்ளட்டும் என்றே கேட்கின்றோம்.

சட்டம் மாறும்வரை எங்கள் அறிவுரை இதுவே. புகையாகவோ ஆவியாகவோ எடுத்தால் குறைந்தது 6 மணித்தியாலங்கள் வாகனம் செலுத்தாதீர்கள். எண்ணெயோ உணவோ உட்கொண்டால் அதன் விளைவு 12 மணித்தியாலங்கள் வரையும் நீடிக்கலாம். அன்றைக்கு வேறொருவர் செலுத்தட்டும். மருந்தைத் தொடங்கும் நாட்களிலும் அளவு மாறும் நாட்களிலும் சாரதி ஆசனத்தைத் தவிருங்கள். மதுவுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நேரம் கடந்தும் சோர்வு இருப்பின் காத்திருங்கள். இந்த நேரக்கணக்கு உங்கள் பாதுகாப்புக்கு உதவும். குருதிப் பரிசோதனையில் தப்புவீர்கள் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

அடுத்த முறை வரும்போது மருந்துப் போத்தலையும் எடுத்து வாருங்கள்; உங்களை அழைத்து வரும் பிள்ளையையும் உள்ளே அழையுங்கள். வேலைக்குக் காரில்தான் போகவேண்டும் என்றால் அதனையும் சொல்லுங்கள். மருந்து எடுக்கும் நேரத்தையும் வகையையும் அதற்கேற்ப மாற்ற முடியுமா என்று சேர்ந்து ஆராய்வோம்.