ஒரு ‘ஆம்’ போட்ட கதை



பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போயிருந்தேன். என் தம்பி குடும்பம் ஆங் மோ கியோவில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கிறது. நான் போய் இறங்கிய அன்று இரவே சாப்பாட்டு மேசைமேல் ஒரு பாரம் கிடந்தது. படிவத்தைத்தான் நம் பக்கத்தில் ‘பாரம்’ என்கிறோம். ஆனால் அன்று அது உண்மையிலேயே எங்கள் எல்லாருடைய மனத்துக்கும் பாரமாகிவிட்டது.

தம்பி மகளுக்குப் பதினைந்து வயது. பரீட்சையில் நல்ல புள்ளிகள் எடுத்தால் கடலுக்கு அடியில் அழைத்துப் போவதாகத் தம்பி வாக்குக் கொடுத்திருந்தான். சிங்கப்பூரின் தெற்கே உள்ள ஹந்து தீவுக்குப் படகில் போய், பயிற்றுவிப்பாளர் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, நாலைந்து மீட்டர் ஆழத்தில் முக்குளித்துப் பவளப்பாறைகளைப் பார்த்து வருவது. அரை நாள் பயணம். பணமும் கட்டியாகிவிட்டது. உடல்நலப் பாரத்தை நிரப்பித் தகப்பன் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

வலிப்பு உண்டா? இருதய நோய் உண்டா? காதில் அறுவை சிகிச்சை நடந்ததா? வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டு வந்த பிள்ளையின் பேனா ஒரு கேள்வியில் நின்றுவிட்டது. ‘ஆஸ்துமா உண்டா?’

சின்ன வயதில் அவளுக்கு இழுப்பு உண்டு. எத்தனையோ இரவுகள் தம்பி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறான்.

“இப்பத்தான் ரெண்டு வருஷமா ஒன்னும் இல்லையே, ‘இல்லை’ன்னு போட்டுடு,” என்றாள் என் தம்பி மனைவி. பிறகு என்னைப் பார்த்து, “அஞ்சு மீட்டர்தானே அண்ணி, கடல்ல அது ஒரு ஆழமா?” என்றாள்.

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான். ஆசிரியராக இருப்பதில் இது ஒரு தொல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் தீர்ப்பை நம்மிடம் விட்டுவிடுவார்கள்.

“‘ஆம்’ போடும்மா,” என்றேன்.

பிள்ளை பேனாவை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று இரவு அத்தைக்கு ‘குட் நைட்’ கிடைக்கவில்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? பல ஆண்டுகளுக்கு முன் மாணவர்களை ஓர் ஆற்றங்கரைக்கு உலா அழைத்துச் சென்றோம். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்ற பையன் ஒருவன் திடீரென்று வலிப்பு வந்து விழுந்தான். பக்கத்தில் நின்ற பெரியவர் தூக்கிவிட்டதால் பிழைத்தான். ‘வலிப்பு உண்டா’ என்ற கேள்விக்கு அவன் தாய் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். பொய் சொல்லவேண்டும் என்பது அந்தத் தாயின் எண்ணமில்லை. மற்றப் பிள்ளைகளோடு தன் பிள்ளையும் போகட்டுமே என்ற ஆசைதான். அந்த ஆற்றங்கரையை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு பலூனை ஊதி மேசைமேல் வைத்தேன். வாசகர்களும் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள்.

நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் மேலே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, கல்லின் பாரத்தில் கீழே இறங்கினார்கள். 1961-ல் அங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. கீழே போகப் போக அவர்கள் நெஞ்சில் இருந்த காற்று நீரின் அழுத்தத்தால் சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்கே விரியும். அதற்குமேல் விரியாது.

காற்றுக் கலத்தை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குகிறவர் கதை வேறு. (அந்தக் கலத்தில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். அது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், அழுத்தி நிரப்பப்பட்டது.) அவர் ஆழத்தில் இருந்துகொண்டே அங்குள்ள அழுத்தத்துக்கு ஏற்ற காற்றை நெஞ்சு நிறைய வாங்குகிறார். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நிரப்பிய பலூன் மேலே வந்து சேரும்போது இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். ஐந்து மீட்டரில் நிரப்பினால் ஒன்றரை மடங்கு. ஆகவேதான் முக்குளிப்பின் முதல் விதி: மூச்சை ஒருபோதும் அடக்காதே. விட்டுக்கொண்டே மேலே வா.

இழுப்பு உள்ளவர் மூச்சை அடக்காவிட்டாலும் ஆபத்து உண்டு. அவருடைய மூச்சுக் குழல்கள் சுருங்கிச் சளி அடைத்திருந்தால், நுரையீரலின் ஒரு மூலையில் காற்று மாட்டிக்கொள்ளும். மேலே வரும்போது அது விரியும், வெளியேற வழியிருக்காது. நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழி இரத்தத்தில் புகுந்து மூளைக்கே போய்விடலாம். இதற்குப் பெரிய ஆழம் வேண்டியதில்லை. ஒன்றரை மீட்டரே போதும். இருபது மீட்டரிலிருந்து பத்துக்கு வரும்போது காற்று ஒன்றரை மடங்குதான் விரிகிறது. பத்திலிருந்து மேலே வரும்போதோ இரண்டு மடங்கு. ஆழம் குறைந்த இடம்தான் நெஞ்சுக்குக் கூடுதல் சோதனை!

தம்பி மனைவி பலூனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, “டாக்டர்கிட்ட போவோம்,” என்றாள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் எல்லாருக்கும் முக்குளிப்பு தடை என்று எண்ணிவிடாதீர்கள். நோய் நன்றாகக் கட்டுக்குள் இருந்தால், சோதித்துப் பார்த்து அனுமதி கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. எங்கள் பிள்ளையைக் குழாயில் ஊதச் சொன்னார் மருத்துவர். ஊதினாள். தாளைப் பார்த்தவர், “தடுப்பு மருந்தை எப்போது நிறுத்தினாய்?” என்று கேட்டார். பிள்ளை தலைகுனிந்தாள். ஒரு வருடமாக அவள் தடுப்புப் ‘பஃப்’பைத் தொடவே இல்லை! மூச்சுக் குழல்கள் இன்னும் சுருங்கித்தான் இருந்தன. ஒன்றும் இல்லை என்று நாங்கள் நினைத்த நோய் உள்ளே சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது. மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

வீடு திரும்பும் வழியில் பிள்ளை கேட்டாள்: “அப்போ என் இடத்துல நீங்க போறீங்களா, அத்தை? நான் படகுல உக்காந்துக்கிறேன்.”

எனக்கு நீச்சல் அரைகுறை. ஆனாலும் மறுக்க மனம் வரவில்லை. என் பாரத்தை நானே நிரப்பினேன். ஒவ்வொரு ‘இல்லை’யையும் இரண்டு தடவை படித்துப் பார்த்துப் போட்டேன்.

ஹந்து என்றால் மலாயில் பேய் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அங்கே பேய் எதையும் பார்க்கவில்லை. எதிரே புக்கோம் தீவின் எண்ணெய் ஆலைதான் தெரிந்தது. முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் பாடம். முகக் கண்ணாடிக்குள் நீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது. வாய்க் கருவி நழுவினால் எடுத்துக் கவ்வுவது. காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதுவது. சைகைகளும் உண்டு. கட்டைவிரலை உயர்த்தினால் ‘நலம்’ என்று பொருளில்லை. ‘மேலே போவோம்’ என்று பொருள். நலம் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டவேண்டும். நான் இரண்டு தடவை தவறிக் காட்டி, இரண்டு தடவையும் மேலே கொண்டுவரப்பட்டேன்!

பிறகு நாலு மீட்டர் ஆழம். பயிற்றுவிப்பாளர் என் காற்றுக் கலத்தை விடாமல் பிடித்திருந்தார். பச்சை நிறத் தண்ணீர். இரண்டு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. 1960-களில் இந்தக் கடலில் பத்து மீட்டர் வரை தெரியுமாம். கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது கிளம்பிய சேறு நீரைக் கலக்கிவிட்டது. அப்படியிருந்தும் சிங்கப்பூர்க் கடலில் 250-க்கு மேற்பட்ட கடினப் பவள வகைகள் உயிரோடு இருக்கின்றன. கலங்கிய நீருக்குள்ளும் வெளிச்சத்தைத் தேடி அவை தட்டுத் தட்டாக விரிந்து நிற்பதைக் கண்டேன். கைவிரல்போல் அசையும் கடல் சாமந்தி ஒன்றின் நடுவே ஒரு சின்ன மீன் எட்டிப் பார்த்தது. என் மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு கறுத்துப் போயிருந்தது. நீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு.

அப்போது என் மூச்சை நானே கேட்டேன். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. வாழ்நாளெல்லாம் இலவசமாக வருவதென்று நினைத்திருந்த அது, அந்த நாலு மீட்டரில் எவ்வளவு பெரிய செல்வமாகத் தெரிந்தது! இந்தப் பிள்ளை ஒரு காலத்தில் இதற்காகத்தானே இரவெல்லாம் போராடினாள் என்று எண்ணியதும் கண்ணாடிக்குள் நீர் கசிந்தது. அது கடல் நீர் இல்லை.

படகில் ஏறியதும் துண்டை நீட்டினாள் பிள்ளை. “என்ன பார்த்தீங்க, அத்தை?” எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “எல்லாத்தையும் சொல்லிடாதீங்க, எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க,” என்றாள். கோபம் போய்விட்டிருந்தது. இப்போது தினமும் இரவு எனக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது: ‘பஃப் எடுத்துட்டேன்.’

பெற்றோர்களே, உங்கள் கைக்கும் பாரங்கள் வரும். பள்ளி முகாம், ஊசி, அறுவை சிகிச்சை, வேலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. வலிப்பு, இழுப்பு, இருதயக் கோளாறு எதுவும் வெட்கப்படவேண்டியது அல்ல. ‘ஆம்’ போட்டால் ஒரு பயணம் தள்ளிப்போகலாம். பிள்ளை ஓரிரவு கதவைச் சாத்திக்கொள்ளலாம். மறுநாள் அந்தக் கதவு திறக்கும்.