ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு

துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம் பண்ணினார். மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிப்போய்க் கீழே விழுந்தான். அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரம். ஆராதனையில் கண்ணயரும் பையன்களைக் குத்திக்காட்ட இந்தக் கதையை எடுக்காத பிரசங்கியை நான் பாறசாலையிலும் பார்த்ததில்லை, களியக்காவிளையிலும் பார்த்ததில்லை. குற்றம் எப்போதும் தூங்கினவன் மேல்தான். பவுல் நெடுநேரம் பேசிக்கொண்டே இருந்தார் என்று லூக்கா அதே இடத்தில் எழுதிவைத்திருப்பது மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. 'வசனம் உள்ள கிடந்தா புள்ள வழி தவறாது.' சி.எஸ்.ஐ. வீட்டிலும் இதுதான், லத்தீன் கத்தோலிக்க வீட்டிலும் இதுதான், மலங்கரை வீட்டிலும் பெந்தெகொஸ்தே வீட்டிலும் இதுதான். சபைகளுக்குள் ஆயிரம் சண்டை இருந்தாலும் இதில் மட்டும் பூரண ஐக்கியம். சொட்டு மருந்து போல, ஐந்து வயதுக்குள் வாயில் விட்டுவிட்டால் ஆயுசுக்கும் காக்கும் என்று நினைப்பு. ஞாயிறு பள்ளியில் வாரம் ஒரு மனப்பாட வசனம், மே மாதத்தில் வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதப் பள்ளி, பிறகு வேதப் பரீட்சை, பைபிள் க்விஸ், ஷீல்டு, குரூப் போட்டோ. வாலிபன் தன் வழியை எப்படிக் காத்துக்கொள்வான் என்று 119ஆம் சங்கீதம் கேட்டுப் பதிலும் சொல்லியிருக்கிறதே என்று ஆதாரமும் கையில் இருக்கும்.

பத்தாம் வகுப்பு வரை வண்டி ஓடும். பிளஸ் ஒன் சேர்ந்ததும் பையன் ஞாயிற்றுக்கிழமை டியூஷன் என்பான், பெண்பிள்ளை பாடகர் குழுவுக்கு மட்டும் வருவாள். உடனே கமிட்டி கூடி நோயைக் கண்டுபிடிக்கும்: வசனம் போதவில்லை. மருந்தும் அதுவே, இன்னும் பத்து வசனம்.

இந்த நம்பிக்கை தவறு என்பதுதான் என் கட்சி. வெளியில் நின்று கல்லெறியவில்லை. எல்லையை ஒட்டிய ஒரு சபையில் பல வருஷம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தவன் நான். வசனம் ஒப்புவித்த பிள்ளைகளுக்குப் பேனாவும் டிபன் பாக்ஸும் கொடுத்த கை இது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் தன் வயதின் கலக்கத்தை, பயத்தை, ஆசையை என்னிடம் கொண்டுவந்ததில்லை. ஒப்புவிக்கத்தான் வருவார்கள், கேட்க வரமாட்டார்கள். கேட்க இடமில்லை என்பதை நாங்கள் அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தோம்.

மனப்பாடத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்து லண்டன் மிஷன் வேலையைத் தொடங்கிய காலத்தில், இந்த மண்ணின் நாடார்களுக்கும் புலையர்களுக்கும் பறையர்களுக்கும் பள்ளிக்கூடத் திண்ணைகூட எட்டாது. மேலாடை போட்டுக்கொள்ள நாடார் பெண்கள் எல்லாருக்கும் அரசு அனுமதி கிடைத்ததே 1859இல்தான். ஓலையும் காகிதமும் மறுக்கப்பட்ட ஜனத்துக்கு ஞாபகமே புத்தகம். எழுத்துத் தெரியாத என் பாட்டி சங்கீதங்களை வரிசையாகச் சொல்லுவாள். யாரும் பறிக்க முடியாத சொத்து அது ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அவள் பேரனின் கையில் இருக்கும் போனிலோ வேதாகமம் பல மொழிகளில் கிடக்கிறது. பாட்டிக்கு விடுதலையாக இருந்ததை அப்படியே எடுத்துப் பேரனுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டு, அவள் உறுதி இவனிடம் ஏன் இல்லை என்று கேட்கிறோம்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். அந்த வசனம் எந்த மொழியில் இருக்கிறது?

1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லைக் கோடு போட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. திருவிதாங்கூர்த் தமிழர்கள் நெய்யாற்றின்கரையையும் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1959இல், சி.எஸ்.ஐ. சபையும் அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு கன்னியாகுமரி திருமண்டலம், தென்கேரளத் திருமண்டலம் என்று இரண்டானது. கல்யாணங்கள் மட்டும் கோட்டை மதிக்கவில்லை. இஞ்சிவிளையிலோ பனச்சமூட்டிலோ ஒரு வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். அம்மா மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், குடும்ப ஜெபம் தமிழில் நடக்கும். சர்ச் மலையாளம், பள்ளிக்கூடமும் மலையாளம். வீட்டில் 'கர்த்தர்' என்று கூப்பிட்ட ஆளை சர்ச்சில் 'யஹோவ' என்று கூப்பிட வேண்டும். 23ஆம் சங்கீதத்தில் அம்மாவுக்கு அவர் மேய்ப்பர், வேதபாட ஆசிரியருக்கு இடயன். பிள்ளை இரண்டையும் பிழையில்லாமல் ஒப்புவிக்கும். தமிழ் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கும் பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இந்தப் பிள்ளைகள் பதினாறு வயதில் திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலுக்குப் போய் வாயைத் திறந்தால் 'பாண்டி' என்பார்கள். நாகர்கோவில் பக்கம் வந்தால் 'மலையாளத்தான்'. வளர்வதில் உள்ள ஆயிரம் அவஸ்தைகளில் இவர்களுக்கென்றே விதிக்கப்பட்ட அவஸ்தை இது. இதற்கு நாம் கொடுக்கும் வசனம் என்ன? ஒன்றுமில்லை. ஆனால் வேதாகமத்தில் இருக்கிறது. நெகேமியா 13இல் யூதர்களின் பிள்ளைகளில் பாதிப்பேர் அஸ்தோத்துப் பாஷை பேசுகிறார்கள், தகப்பன் பாஷை அவர்களுக்கு வரவில்லை. நெகேமியா கொதித்துப் போய்த் தகப்பன்மாரை அடிக்கிறார், மயிரைப் பிடித்து இழுக்கிறார். எல்லைப் பிள்ளைக்கு இதை வாசித்துக் காட்டினால் ஒரு நிமிஷம் வகுப்பு மௌனமாகிவிடும், தன் வீட்டைப் பற்றி யாரோ எழுதிவைத்திருக்கிறானே என்று. அதே நெகேமியா மோவாபியப் பெண்களைக் கட்டியதற்கும் சீறுகிறார். மோவாபியப் பெண்ணான ரூத் தாவீதின் கொள்ளுப்பாட்டி, இயேசுவின் வம்ச அட்டவணையிலும் அவள் பெயர் உண்டு. ஒரே புத்தகத்துக்குள் இரண்டு குரல். எது சரி என்று பிள்ளைகள் வாதாடட்டும். அல்லது பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் அவரைக் காட்டிக்கொடுத்தது யூதாஸ் அல்ல, கலிலேயா நாட்டுப்புறத்துப் பேச்சு. சேவல் கூவுவதைப் பற்றிப் பல பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை.

'சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டியதை மட்டும் கொடுத்தால் போதும்' என்பார்கள். எதை வேண்டியது என்று கணக்குப் பண்ணுகிறோம்? பன்னிரண்டு வயதில் இயேசு வீட்டில் சொல்லாமல் எருசலேமில் தங்கிவிட்டார். பெற்றோர் ஒரு நாள் தூரம் நடந்த பிறகுதான் பிள்ளை கூட்டத்தில் இல்லை என்பதே தெரிகிறது. சொந்தக்காரர்களிடம் விசாரிக்கிறார்கள், திரும்பி ஓடுகிறார்கள், மூன்றாம் நாள் தேவாலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். வெள்ளறடை குருசுமலைத் திருவிழாவில் பிள்ளையைக் கைநழுவவிட்டுத் தேடிய எந்தத் தாய்க்கும் மரியாளின் பதற்றத்தை விளக்க வேண்டாம். மகனின் பதிலோ சமாதானம் சொல்லும் பதிலும் அல்ல, மன்னிப்புக் கேட்கும் பதிலும் அல்ல. பெற்றோருக்கு அது புரியவில்லை என்று லூக்கா கூச்சமில்லாமல் எழுதுகிறார். இத்தனையையும் விட்டுவிட்டு, கடைசியில் அவர் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்ற ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டுகிறோம். ஒருமுறை என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சாரே, அம்மையிட்ட சொல்லாம நின்னது தப்புதானே?" நான் சொன்ன பதில்: "அவர் தேவகுமாரன், நீ அதோட ஒப்பிடாதே." அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. போதகர்கள் நடுவில் உட்கார்ந்து அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது? கேட்டுக்கொண்டும், கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தது. ஒப்புவித்துக்கொண்டிருந்ததாக எழுதப்படவில்லை.

ஒப்புவிப்பதில் கெட்டிக்காரன் யார் என்பதற்கும் சுவிசேஷத்தில் சாட்சி இருக்கிறது. இயேசுவைச் சோதித்தபோது 91ஆம் சங்கீதத்தைச் சரளமாக எடுத்துவிட்டவன் பிசாசு.

யோசேப்பைப் பரிசுத்த வாலிபனாக நிறுத்துகிறோம், போத்திபாரின் மனைவியிடமிருந்து ஓடியவனாக. பதினேழு வயதில் அவன் அண்ணன்மாரைப் பற்றி அப்பாவிடம் கோள் சொன்னதும், தன் கனவைத் தம்பட்டம் அடித்ததும், ஒரு பிள்ளைக்கு மட்டும் நல்ல அங்கி தைத்துக் கொடுத்த அப்பாவின் ஓரவஞ்சனையும் வகுப்புக்கு வருவதில்லை. இரண்டாம் சாமுவேல் 13ஆம் அதிகாரம் எந்த வேதப் பரீட்சைக்கும் பாடமாக வந்து நான் பார்த்ததில்லை. தாவீதின் மகள் தாமாரை அவள் அண்ணன் முறைக்காரனே பலாத்காரம் பண்ணுகிறான். அவன் உன் சகோதரன்தானே, பேசாமல் இரு என்கிறான் இன்னொரு அண்ணன். அப்பா கோபப்படுகிறார், அதற்குமேல் ஒன்றும் செய்வதில்லை. 2012இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்து, இப்படி ஒன்று தெரிந்தும் மறைப்பதே குற்றம் என்றது. வீட்டு மானத்துக்காக வாயை மூடச் சொல்லும் வழக்கத்தை அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே படம்பிடித்து வைத்திருக்கும் அதிகாரத்தை, வயதுக்கு ஏற்றதல்ல என்று தாண்டிப் போகிறோம். தாமார் எந்த வயதுப் பெண் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சாதியையும் அப்படித்தான் தாண்டுகிறோம். 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபை 1947இல் சி.எஸ்.ஐ.க்குள் கலந்து மறைந்துவிட்டது. ஆனால் வில்லேஜ் ஆபீஸ் சாதிச் சான்றிதழில் 'எஸ்.ஐ.யூ.சி. நாடார்' என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் பேதமெல்லாம் போயிற்று என்று ஒப்புவித்துப் பரிசு வாங்கிய பிள்ளை, பிளஸ் டூ முடித்ததும் அந்தச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்கிறது, பிறகு வீட்டில் நடக்கும் கல்யாணப் பேச்சையும் கேட்கிறது. சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மிதிபட்ட ஜனத்துக்கு அது நியாயம். ஆனால் வசனமும் சான்றிதழும் கல்யாணப் பேச்சும் எப்படி ஒன்றோடொன்று இடிக்கின்றன என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசுகிறவர் யார்?

எங்கள் மண்ணிலேயே ஒரு மனிதன் வேதத்தோடு எப்படி உறவு கொண்டான் என்பதற்குக் கதை இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். மாடும் விளைச்சலும் நஷ்டமாகி மனமுடைந்திருந்த சமயம். 1741இல் குளச்சலில் பிடிபட்டு, பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனிக்காரர் டிலனாய் அவருக்கு நண்பர். டிலனாய் சொன்னது யோபுவின் கதையை என்பார்கள். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15இல் ரோம் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. தேவசகாயத்தின் வீரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், சிலைக்கு மாலை போடுகிறோம். டிலனாய் செய்ததைக் கவனிப்பதில்லை. நஷ்டத்தில் இருந்தவனிடம் அவர் ஒரு ஆறுதல் வசனத்தை நீட்டவில்லை. குழந்தைகளை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, தான் பிறந்த நாளையே சபித்து, கடவுளோடு வழக்காடிய ஒருவனின் கதையைச் சொன்னார். அந்தக் கதையிலும் வசனக்காரர்கள் மூன்று பேர் உண்டு, யோபுவின் சிநேகிதர்கள். முதல் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அந்த ஏழு நாள் மட்டும்தான் உருப்படியாக நடந்துகொண்டார்கள். பிறகு வாயைத் திறந்து உபதேசம், உபதேசம், உபதேசம். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது கேள்வி கேட்ட யோபுவின் மேல் அல்ல, உபதேசித்தவர்கள் மேல்.

'அப்படியானால் ஒழுக்கம்? கஞ்சா, போன், காதல், ஓடிப்போவது, இதற்கெல்லாம் வேலி வேண்டாமா?' என்று ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார். வேலி வேண்டும்தான். வேலி போடுவது தாயும் தகப்பனும் சபையும் நேரம் செலவழித்துச் செய்ய வேண்டிய வேலை. அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கவே வசனத்தைப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு. வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்று கட்டளையிடும் உபாகமம் 6ஆம் அதிகாரம், வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் அவற்றைப் பற்றிப் பேசச் சொல்கிறது. கொஞ்சம் தள்ளி, இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று நாளைக்கு உன் பிள்ளை கேட்கும்போது என்று அதே அதிகாரம் தொடர்கிறது. பிள்ளை கேட்டே தீரும் என்பது மோசேக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது என் வகுப்பில் பரிசு இல்லை. கதையை முழுசாக வாசிப்போம், மலையாளத்தில் ஒருவர், தமிழில் ஒருவர். பிறகு நான் வாயை மூடிக்கொள்வேன், எனக்கு அது லேசான காரியமில்லை. போன மாதம் ஐத்திகுவின் கதை. பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பவுல் படியிறங்கிப் போனதையும், விழுந்தவன் மேல் கவிழ்ந்து அவனை அணைத்துக்கொண்டதையும் ஒரு பெண் வாசித்து முடித்தாள். ஒரு பையன் கேட்டான்: "எழும்பினதுக்குப் பிறகு அவன் மேல ஏறிப் போனானா, வீட்டுக்குப் போனானா சாரே?"

லூக்கா அதை எழுதவில்லை. நான் பதில் தேடுவதற்குள் பின்பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான்:

"வீட்டுக்குத்தான் போயிருப்பான். பவுல் பின்னயும் விடியும்வர பேசினாரே."