பற்றைக் காணியும் பகுதிநேர ஊதியமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எவ்வூருக்குச் சென்றாலும், பூட்டிய படலையொன்றையும் அதன் பின்னே ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பற்றையையும் காணாமல் திரும்ப முடியாது. காணிக்குரியவர் கனடாவிலோ, இலண்டனிலோ, கொழும்பிலோ இருப்பார். 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகளுள் பல, 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, உரியவரே தம் வளவை அடையாளங் காண இயலாதவாறு காடாகி நின்றன. ஒரு புறத்தில் வெட்டித் துப்புரவாக்க ஆளில்லாத காணி. மறு புறத்தில் படிப்பு முடிந்தும் தொழில் கிட்டாத இளைஞரும், கிடைக்கும் சம்பளம் மாதக் கடைசிவரை எட்டாத குடும்பத்தினரும். இவ்விரண்டையும் இணைக்கும் பகுதிநேரத் தொழிலொன்றைப் பற்றி இவ்வாரம் ஆராய்வோம். காணியைத் துப்புரவு செய்தலும், வெட்டிய இலைதழையைக் கொண்டே நிலத்துக்கு மூடுபடை இடுதலுமே அத்தொழில்.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்னும் பழமொழியை நம் முன்னோர் விட்டுச் சென்றனர். அதன் நிழலில் வளர்ந்த பெற்றோர், "படித்த பிள்ளை கத்தியும் மண்வெட்டியுமாகப் பிறர் வளவுக்குள் நுழைவதா?" என்று கேட்பர். வேலையைக் கணித்து, ஒப்பந்தம் எழுதி, சட்டம் அறிந்து, மண்ணின் இயல்பு தெரிந்து செய்யும் தொழிலுக்குப் படிப்பு மிகையன்று. அது இன்றியமையாத முதல். அரசாங்க உத்தியோகத்தர் மாத்திரம், இதனைத் தொடங்குமுன் தாபனவிதிக்கோவையின்படி மேலதிகாரியின் அனுமதியைப் பெற்றுக்கொள்ளல் வேண்டும்.

இவ்வேலையை நாடுவோர் யாவர்? முதலாவதாக, தூரத்திலிருக்கும் காணிச் சொந்தக்காரர். நம் நாட்டில் 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, பிறர் காணியைப் பத்தாண்டுகள் தடையின்றி எதிரிடையாக ஆண்டு வந்த ஒருவர் அதற்கு உரிமை கோரலாம். போரினால் தம் உரிமையை நாட முடியாதிருந்தோருக்கு 2016ஆம் ஆண்டின் விசேட சட்டமொன்று பாதுகாப்பளித்ததாயினும், கவனிப்பாரற்ற காணி கைவிட்டுப் போகுமென்ற அச்சம் பலருக்கு உண்டு. ஆண்டுதோறும் துப்புரவு செய்யப்படும் காணி, தனக்கு உரியவர் உளர் என்பதை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டாவதாக, 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் காணியைத் துப்புரவாக வைத்திருக்கும் பொறுப்பை உரியவர்மீதே சுமத்துகிறது. பற்றைக்குள் மறைந்து கிடக்கும் சிரட்டையும் தகரப் பேணியும் பழைய டயரும் மாரி நீரை ஏந்தி டெங்கு நுளம்பை வளர்க்கின்றன. மூன்றாவதாக, பாம்புக்கு அஞ்சும் அயலார்.

தொடங்குவோர் பெரிய இயந்திரங்களை வாங்கிக் கடன்படுதல் ஆகாது. நல்ல கத்தி, கோடரி, மண்வெட்டி, உழவாரம், அலவாங்கு, கொக்கத்தடி, கைவாள், கடகம் ஆகியன முதற் பருவத்துக்குப் போதும். இரண்டு மூன்று காணிகளில் வந்த ஆதாயத்தைக் கொண்டு புல்வெட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கலாம். கிளை நறுக்கும் இயந்திரத்தையும் பெக்கோவையும் வேண்டியபோது வாடகைக்கு அமர்த்துவதே அறிவுடைமை. பெருமரம் வீழ்த்தும் வேலையை அதிற் பழகியவரிடமே விட்டுவிடுக.

வேலையில் இறங்குமுன் உயிராபத்துகளை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, பாழ்கிணறு. கட்டு இடிந்த கிணற்றின் மேல் கொடி படர்ந்து தரைபோலத் தோன்றும். ஆகையால், கிணறு எங்கே இருந்தது என்று சொந்தக்காரரிடமும் அயலிலுள்ள முதியோரிடமும் கேட்டறிந்து, அவ்விடத்தைத் தடி நாட்டிக் கயிறு கட்டிய பின்னரே கத்தியை எடுத்தல் நன்று. இரண்டாவது, போர் விட்டுச் சென்ற வெடிபொருள். இலங்கை 2017ஆம் ஆண்டு டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. வடக்கில் பெருமளவு நிலம் துப்புரவாக்கப்பட்டுள்ளது. ஆயினும் போர் நடந்த இடங்களில், கண்ணிவெடி அகற்றப்பட்டமை உறுதிப்படாத காணிக்குள் எவ்வளவு கூலி தந்தாலும் காலடி வைத்தல் கூடாது. கிராம அலுவலரிடம் முதலிற் கேட்டறிக. ஐயத்துக்கிடமான இரும்பு எதனையும் தொடாமல், வந்த வழியே திரும்பி, 119 என்னும் இலக்கத்திற் பொலிசாருக்கு அறிவிக்குக.

மூன்றாவது, பாம்பு. முழங்கால்வரை மூடும் சப்பாத்தும் தடித்த கையுறையும் அணிந்து, நீண்ட தடியால் பற்றையைத் தட்டிய பின்னரே கையை நுழைத்தல் வேண்டும். கடித்துவிட்டால் கீறுதலும் இறுகக் கட்டுதலும் செய்யாது, கடியுண்டவரை அசையவிடாமல் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் வண்டி வரும். நான்காவது, எலிக்காய்ச்சல். 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைப் பறித்தமையை நாம் அறிவோம். மாரிக்குப் பின் சேற்றிலும் தேங்கிய நீரிலும் நின்று வேலை செய்ய நேர்ந்தால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டுக் கொள்க. புல்வெட்டும் இயந்திரத்தின் அலகு சுண்ணக்கல்லில் பட்டால் சிதறும் துண்டு கண்ணைப் பறிக்கும். கண்ணாடியின்றி அதனை இயக்குதல் தகாது.

அடுத்தது சட்டமும் நேர்மையும். பலா, ஈரப்பலா, பனை முதலியவற்றைப் பிரதேச செயலகத்தின் அனுமதியின்றித் தறித்தல் ஆகாது. சொந்தக்காரர் தொலைபேசியிற் சொன்னாலும், அனுமதிப் பத்திரம் கைக்கு வருமட்டும் கோடரியைத் தொடாதிருக்குக. இதனினும் நுட்பமானது எல்லை. வேலிக் கதியாலை ஆண்டுக்கொன்றாய்த் தள்ளி நட்டு, அரைமுழ நிலத்துக்காக உடன்பிறந்தோர் வழக்காடிய கதைகள் நம் ஊர்களில் உண்டு. பற்றை வெட்ட வந்தவன் வேலியைப் பிடுங்கினால், அவ்வழக்கின் சாட்சியை அழித்தவனாவான். ஆதலால், கதியாலையும் எல்லைக் கல்லையும் எக்காரணங்கொண்டும் அசைத்தல் ஆகாது. வேலையின் முன்னும் பின்னும் நான்கு மூலைகளிலிருந்தும் படம் பிடித்துச் சொந்தக்காரருக்கு அனுப்பினால், அவர் மனம் அமைதியுறும். அடுத்த ஆண்டின் வேலையும் உறுதியாகும்.

வெட்டியாயிற்று; குவிந்து கிடப்பதை என் செய்வது? பலரும் தீ வைப்பர். தீயில் இலைதழையிலுள்ள நைதரசனின் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. எஞ்சுவது ஒரு பிடி சாம்பலும் அயலாரின் இருமலுமே. நம் பாட்டனார் அவ்வாறு செய்தாரல்லர். பூவரசங் குழையையும் பனையோலையையும் தோட்டத்திற் புதைத்து மண்ணை வளப்படுத்தும் "குழை தாழ்த்தல்" யாழ்ப்பாணத்தாரின் பழங்கலை. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு விவசாயிகள் தவித்த வேளையில், அக்கலையின் அருமையைப் பலர் நினைவுகூர்ந்தனர்.

குழையைப் புதைக்காமல் நிலத்தின்மேற் பரப்பினால் அது மூடுபடையாகும். வற்றாத ஆறொன்றும் இல்லாது, சுண்ணக்கற் பாறையுள் தேங்கிய நீரை நம்பி வாழும் நமக்கு இதன் பயன் பெரிது. வெயில் நேரே மண்ணில் விழாதபடியால் ஈரம் நிலைக்கும், களை அடங்கும், மழைத்துளி மண்ணை அறைந்து இறுக்காது. இரண்டு முதல் நான்கு அங்குலத் தடிப்பே போதுமானது. மரத்தின் அடியை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். ஒரு சாண் இடைவெளி விடுக. சீமைக்கிளுவை போன்ற பசுங்குழை விரைவில் உக்கி நைதரசனைத் தரும். நறுக்கிய கிளையும் மரச்சீவலும் மெல்ல உக்குவன; அவற்றை மேலே பரப்பலாமேயன்றி மண்ணோடு கலத்தல் ஆகாது. கலந்தால், அவற்றை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனை எடுத்துக்கொள்ளப் பயிர் மஞ்சளிக்கும்.

எல்லாவற்றையும் மூடுபடையாக்கலாம் என்று எண்ணற்க. பூத்த பார்த்தீனியத்தைப் பரப்பினால் விதையை விதைத்தவராவோம்; அதனைக் கையுறையோடு பூக்குமுன் வேருடன் பிடுங்கி அகற்றல் வேண்டும். உக்கும் தென்னங்குற்றியிற் காண்டாமிருக வண்டு பெருகுமாதலால் அதனையும் விட்டுவைத்தல் ஆகாது. வீட்டுச் சுவரை ஒட்டி மரச்சீவலைப் பரப்புதல் கறையானுக்கு விருந்து வைப்பதாகும்.

பருவத்தையும் அறிந்து கொள்க. மாரிக்கு முன் புரட்டாதியில் துப்புரவு செய்தால் நுளம்புக்கு இடமிராது. மாரி ஓய்ந்த தை, மாசியில் மண் ஈரமாயிருப்பதால் வேர் எளிதிற் கழலும். அவ்வீரத்தைக் கோடைக்குக் காத்துவைக்க மூடுபடை இடுவதற்கும் அதுவே தக்க காலம்.

இனிக் கூலியைக் கணிக்கும் முறை. காணியை நேரிற் பாராமல் விலை கூறுவது முதற்பிழை. பரப்புக்கு இவ்வளவு என்று கண்ணை மூடிக் கூறுவது இரண்டாவது. நான்கு பரப்புக் காணியொன்றில் இரண்டு பரப்புப் புல், இரண்டு பரப்புப் பற்றை என வைத்துக்கொள்வோம். புல்லுக்குப் பரப்பொன்றுக்கு அரை ஆள்நாளும், பற்றைக்கு இரண்டு ஆள்நாளும் மதித்தால், வெட்டுவதற்கு மாத்திரம் ஐந்து ஆள்நாள் செல்லும். நறுக்கிப் பரப்ப இன்னும் மூன்று ஆள்நாள் ஆகும். இருவர் இரண்டு வாரங்களின் சனி ஞாயிறுகளில் செய்து முடிக்கலாம். கேட்க வேண்டியது எட்டு ஆள்நாட் கூலி. ஐந்துக்குக் கேட்டவன் மூன்று நாளை இனாமாக ஈந்தவனாவான். இதன்மேல் எரிபொருள், வண்டிச் செலவு, அலகுத் தேய்மானம் ஆகியவற்றையும், மறைந்து கிடக்கும் கல்லுக்கும் முட்கம்பிக்குமாக ஐந்திலொரு பங்கையும் சேர்க்குக. செய்யும் வேலையையும் செய்யாத வேலையையும் எழுதிக் கையொப்பம் பெற்று, மூன்றிலொரு பங்கை முற்பணமாக வாங்குதல் முறை. தொழில் நிலைத்ததும் அதன் பெயரைப் பிரதேச செயலகத்திற் பதிவு செய்துகொள்க. உதவிக்கு அழைக்கும் தொழிலாளியின் கூலியை அன்றன்று மாலையிலேயே கொடுத்து விடுக. அவன் வீட்டு அடுப்பு உமது முற்பணத்துக்காகக் காத்திராது.

மாணவ நண்பர்களே! பரீட்சைக்கு முந்திய மாதங்களில் இதனை எண்ணவும் வேண்டா. விடுமுறையில் உமது வீட்டு வளவின் ஒரு மூலையைத் துப்புரவு செய்து, ஒரு தென்னையின் அடியில் மூடுபடையிட்டு, அருகிலுள்ள மற்றொன்றை வெறுமனே விட்டு, சித்திரை வெயிலில் இரண்டின் அடிமண்ணையும் கிளறி ஒப்பிட்டுப் பாரும். எந்த மண் கையில் ஒட்டுகிறது, எது தூளாய்ப் பறக்கிறது என்பதைக் கண்டவர், பிறர் காணிக்குச் சென்று கூலி கேட்கும்போது தயங்காது பேசுவார்.